ஆறு பலகை

(நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தன் சவப்பெட்டியைத் தானே செய்துகொள்வது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "வேறு பேச்சே கிடைக்கவில்லையா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். விளக்கு வைத்த நேரத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அப்படியிருந்தும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி.

சாவைப் பற்றித் தத்துவம் சொல்ல நான் வரவில்லை. ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் கண்ணை மூடியதிலிருந்து மண்ணுக்குள் போகிறவரை அவருக்காகச் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. குளிப்பாட்ட வேண்டும், உடுத்திவிட வேண்டும், குழி வெட்ட வேண்டும், பெட்டி செய்ய வேண்டும், தூக்கிப் போக வேண்டும். இவையெல்லாம் யாருடைய வேலை? வீட்டாருடையதா? காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்களுடையதா? இன்ன சாதியில் பிறந்தவன்தான் செய்ய வேண்டும் என்று விதித்து வைத்தார்களே, அந்தச் சாதியாருடையதா? பெட்டி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். பெட்டி என்பது ஆறு பலகை. அடிப்பலகை, மேல்மூடி, இரண்டு பக்கப் பலகைகள், தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று. இந்த ஆறு பலகைக்காக அமெரிக்காவில் மூன்று வருடம் வழக்கு நடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லூசியானா மாநிலத்தில் கோவிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் புனித யோசேப்பு மடம் இருக்கிறது. பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். நூறு வருடத்துக்கு மேல் பழமையானது. தங்கள் கையால் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது அந்தச் சபையின் ஒழுங்கு. அவர்களுக்குச் சொந்தமான காடு இருந்தது. மரம் வெட்டி விற்ற வருமானமும் இருந்தது. 2005இல் கத்ரீனா புயல் வந்து அந்தக் காட்டைச் சாய்த்துவிட்டது. இனி என்ன செய்வது என்று யோசித்தபோது, கைவசம் இருந்த ஒரு பழைய தொழில் நினைவுக்கு வந்தது. மடத்தில் யார் இறந்தாலும் அவருக்கான பெட்டியைத் துறவிகளே சைப்ரஸ் பலகையில் செய்வார்கள். பித்தளைக் கைப்பிடி கிடையாது, பட்டுமெத்தை கிடையாது. 1990களில் இரண்டு ஆயர்கள் அந்த மாதிரிப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யப்பட்டதைப் பார்த்த மக்கள், "எங்களுக்கும் ஒன்று செய்து தருவீர்களா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதனால் 2 லட்சம் டாலர் போட்டு ஒரு பட்டறை அமைத்து, 2007 நவம்பர் 1ஆம் தேதி திறந்தார்கள். எளிய பெட்டி 1,500 டாலர், கொஞ்சம் வேலைப்பாடு உள்ளது 2,000 டாலர். அங்கே ஈமச்சடங்கு நிறுவனங்கள் விற்ற விலையைப் பார்த்தால் இது நன்றாகவே குறைவு.

கொஞ்ச நாளிலேயே ஈமச்சடங்குத் தொழிலுக்கான அரசு வாரியத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. ஈமச்சடங்கு நிறுவனம் நடத்தும் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். உரிமம் பெற்ற நிறுவனம்தான் சவப்பெட்டி விற்கலாம் என்பது அப்போது அந்த மாநிலத்துச் சட்டம். மீறினால் அபராதம் உண்டு, 180 நாள் வரை சிறையும் உண்டு. சரி, உரிமம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கு முப்பது பேர் உட்காரும் கூடம் வேண்டும், ஆறு பெட்டிகளைப் பார்வைக்கு வைக்கும் அறை வேண்டும், உடலைப் பதப்படுத்தும் வசதி வேண்டும், உரிமம் பெற்ற ஒருவரை முழுநேர வேலைக்கு வைக்க வேண்டும். பெட்டி மட்டும் செய்கிற துறவிகளுக்குப் பிணத்தைப் பதப்படுத்தும் அறை எதற்கு? அந்த வாரியத்தில் அப்போது ஒன்பது உறுப்பினர்கள். நான்கு பேர் ஈமச்சடங்கு நடத்துபவர்கள், நான்கு பேர் உடல் பதப்படுத்துபவர்கள். தொழிலுக்கு வெளியே இருந்து வருபவர் ஒரே ஒருவர். அதாவது, போட்டிக்கு யார் வரலாம் என்பதைக் கடைக்காரர்களே தீர்மானித்தார்கள்.

துறவிகள் முதலில் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 2008இலும் 2010இலும் திருத்த மசோதாக்கள் வந்தன. இரண்டும் குழுவைத் தாண்டவில்லை. பிறகுதான் 2010 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2011இல் வென்றார்கள். வாரியம் மேல்முறையீடு செய்தது. 2013 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் துறவிகள் பக்கமே நின்றது. ஒரு தொழிலுக்குப் போட்டியில்லாமல் பாதுகாப்புக் கொடுப்பதைத் தவிர இந்தச் சட்டத்துக்கு வேறு நியாயமான நோக்கம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் மனுவை எடுக்க மறுத்தது. வழக்கு முடிந்தது.

இந்த வழக்கில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விவரம். லூசியானாச் சட்டப்படி ஒருவரைப் புதைக்கப் பெட்டியே கட்டாயமில்லை. பெட்டி எந்த மரத்தில், எந்தக் கனத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஒருவர் தன் பெட்டியைத் தானே செய்துகொண்டால் சட்டத்துக்கு ஆட்சேபணையில்லை. வெளிமாநிலத்திலிருந்து தபாலில் வரவழைத்தாலும் தடையில்லை. மகன் தன் தகப்பனுக்குச் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்து கூலி வாங்கினால் குற்றமாக இருந்தது. இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் அந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், நம் வீட்டுப் பெட்டியை நாமே செய்யலாம் என்று? உரிமை ஏட்டில் இருந்தது. கை அந்த வேலையை மறந்துவிட்டது.

மறந்ததற்குக் காரணம் உண்டு. துக்க வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். காய்கறிக் கடையில் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர், தாயாருக்குப் பெட்டி வாங்கப் போனால் சொன்ன விலையை எடுத்து வைப்பார். "கடைசிக் காரியத்தில் போய்க் காசு பார்ப்பதா?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களோ என்ற நாணம். இந்த நாணத்தை வைத்து ஒரு தொழில் எப்படிக் கொழுக்கிறது என்பதை ஜெசிக்கா மிட்ஃபோர்ட் 1963இல் ஒரு புத்தகமாக எழுதினார். அமெரிக்காவே அதைப் படித்துப் பேசியது. 1984இல் அங்கே ஒரு கூட்டாட்சி விதி வந்தது. ஈமச்சடங்கு நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் விலையைத் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். வெளியே வாங்கிய பெட்டியையோ வீட்டில் செய்த பெட்டியையோ கொண்டுவந்தால் மறுக்கக் கூடாது, அதற்கென்று தனிக் கட்டணம் போடக் கூடாது என்பது 1994இல் சேர்ந்தது.

இனிப் பட்டறைக்குள் போவோம். நான் மரவேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்குப் பக்கம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் ஊர். கிறிஸ்தவக் கோவிலில் துக்க மணி அடித்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கையில் ஒரு கயிற்றோடு எங்கள் பட்டறைக்கு வருவார். அந்தக் கயிற்றில் இரண்டு முடிச்சு இருக்கும். கயிற்று முனையிலிருந்து முதல் முடிச்சு வரை தோள் அகலம். இரண்டாவது முடிச்சு வரை ஆள் உயரம். அப்பா செய்துகொண்டிருந்த கதவையோ கட்டிலையோ அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் பலகையை எடுப்பார். வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். "அண்ணாச்சி, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்பார் அப்பா. அவரும் பிடிப்பார். இழைக்கும்போது பலகை நகராமல் அழுத்திக்கொள்வார், ஆணி எடுத்துக் கொடுப்பார், விளக்கைத் தூக்கிக் காட்டுவார். உதவிக்கு ஆள் இல்லாமல் அப்பா அவரைக் கூப்பிடவில்லை; நாங்கள் பிள்ளைகள் அங்கேதான் நின்றோம். அந்த மனிதருக்கு அப்போது ஒரு வேலை தேவைப்பட்டது, அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. குழந்தைக்குப் பெட்டி என்றால் அப்பா கூலி வாங்கியதில்லை.

சவப்பெட்டி பார்ப்பதற்கு எளிது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. நீள்சதுரப் பெட்டியாக இருந்தால் நாலு மூலையும் நேர்க்கோணம், புதிதாகக் கற்றவரும் செய்யலாம். தோளில் அகன்று, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் ஒடுங்கும் பழைய வடிவம் என்றால் பக்கப் பலகை தோளிடத்தில் வளைய வேண்டும். அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. வளைய வேண்டிய இடத்தில் உள்பக்கமாக நெருக்க நெருக்கமாக ஐந்தாறு ரம்பவெட்டுப் போட வேண்டும். பலகையை ஊடுருவிவிடக் கூடாது. வெளிப்பக்கம் ஒரு நூல் கனம் மிச்சம் நிற்க வேண்டும். பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அந்த இடத்தில் ஊற்றி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து மெல்ல வளைத்தால், வெட்டுவாய்கள் ஒன்றோடொன்று மூடிக்கொண்டு பலகை திரும்பும். அவசரப்பட்டால் படாரென்று உடையும். இங்கிலாந்தின் கிராமத்துத் தச்சர்களும் எல்ம் மரத்தில் இதே முறையில்தான் தோளை வளைத்தார்கள். கடல் கடந்த இரண்டு ஊர்த் தச்சர்கள் ஒரே வித்தையைக் கையாண்டதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடிப்பலகையில்தான் உயிர் இருக்கிறது. முக்கால் இஞ்ச் பைன் பலகையில் முழுப் பெட்டியே சுமார் 40 கிலோ வரும். அதில் 60, 70 கிலோ உடம்பு. தூக்கும்போது பாரம் முழுவதும் அடிப்பலகை மேல் இறங்கும். கீழிருந்து மேலாக ஆணி அடித்திருந்தால் அந்த ஆணியைப் பாரமே பிடுங்கும். பக்கப் பலகையை அடிப்பலகைக்கு வெளியே நிறுத்தி, பக்கத்திலிருந்து உள்நோக்கித் திருகாணி போட வேண்டும். அடியில் குறுக்கே மூன்று நாலு ரீப்பர் கொடுக்க வேண்டும். இது ரீப்பர் விவகாரம்தானே என்று யாரும் நினைக்கக் கூடாது. ஒரு சிறைச்சாலையில் இதே குறை என்னவெல்லாம் செய்தது என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் நியூசிலாந்துக்குப் போய்வருவோம். அங்கே ரொடொருவா என்று ஓர் ஊர். பூமிக்குள்ளிருந்து வெந்நீரும் ஆவியும் கிளம்பும் இடம். ஊரெல்லாம் கந்தக நெடி. மாவோரி மக்களில் தே அராவா இனத்தாரின் பூர்விக மண். மாவோரிகள் இறந்தவரைத் திறந்த பெட்டியில் தங்கள் பொது இல்லத்தில் கிடத்தி, நாள்கணக்கில் கூடவே இருந்து, பேசி, பாடி, அழுதுதான் அனுப்புவார்கள். ஒரு நிமிடம்கூட உடலைத் தனியாக விடுவதில்லை. அந்த ஊரில் கேட்டி வில்லியம்ஸ் என்ற அம்மையார். சாகும் தறுவாயில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் செவிலியராக இருந்தவர். எத்தனையோ அடக்கங்களுக்குப் போனவர். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி மினுக்கும் பெட்டி, ஒரே மாதிரிச் சடங்கு, நடுவில் படுத்திருப்பவர் யார் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. 2010இல், பணி ஓய்வு பெற்றவர்கள் கூடிக் கற்கும் ஓர் அமைப்பின் கூட்டத்தில் அவர் எழுந்து, நம் பெட்டியை நாமே செய்வோமா என்று கேட்டார். ஆள் சேர்ந்தது. இடம் இல்லை, தன் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கினார். அவருக்கு மரவேலை தெரியாது, கருவிகளும் கிடையாது. ஓய்வுபெற்ற தச்சர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நாட்டின் மற்ற ஊர்களிலும் அதைப் பார்த்து இப்படிச் சங்கங்கள் முளைத்தன. பிறகு இந்த யோசனை இங்கிலாந்துக்கும் போனது.

அங்கே நடப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் துளையிடும் மெஷினைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். அடுத்த மேசையில் ஒருவர் தன் பெட்டிக்குள் படுத்து அளவு பார்க்கிறார். சிலர் தங்களுக்குப் பிடித்த பாடகரின் படத்தை ஒட்டுகிறார்கள், சிலர் கடலை வரைகிறார்கள், சிலர் வெறுமனே வெள்ளையடித்து விடுகிறார்கள். முடிந்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சன்னலோரம் போட்டு அதன் மேல் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். துணிமணி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். அங்கே வருகிற பலர் துணையை இழந்தவர்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்கள். வாரம் ஒரு நாள் போக ஓரிடம், கைக்கு ஒரு வேலை, தேநீர், நாலு பேர் பேச்சு. பெட்டி ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதே சங்கத்தார் இன்னொன்றும் செய்கிறார்கள். பிறந்தவுடனோ பிறப்பதற்கு முன்போ இறந்துபோகும் குழந்தைகளுக்காகச் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து உள்ளூர் மருத்துவமனைக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூ மெல்லரே மடத்து டிராப்பிஸ்ட் துறவிகளும் தங்கள் காட்டு மரத்தில் பெட்டி செய்து விற்கிறார்கள். அவர்களும் குழந்தைகளின் பெட்டிக்குக் காசு வாங்குவதில்லை. எங்கள் அப்பாவுக்கு இவர்கள் யாரையும் தெரியாது.

இப்போது சிறைச்சாலைக்கு வருகிறேன். மறுபடியும் லூசியானாதான். அங்கோலா என்ற பெயரில் ஒரு பெரிய மாநிலச் சிறை இருக்கிறது. முன்பு அடிமைகளை வைத்துப் பயிர் செய்த பண்ணை நிலம் அது. பெயரும் அடிமைகளின் தாயகத்திலிருந்து வந்தது. அங்கே உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆயுள் கைதிகள். வெளியே வரும் வழி கிடையாது. சிறைக்குள்ளேயே சாவார்கள், பலர் சிறைக் கல்லறைத் தோட்டத்திலேயே புதைக்கப்படுவார்கள். ஒரு முறை அடக்கத்தின்போது, மலிவான பெட்டியின் அடிப்பாகம் விட்டுப்போய் உடல் கீழே விழுந்துவிட்டது. அடிப்பலகையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேனே, அது இதற்காகத்தான். அப்போது சிறைக் கண்காணிப்பாளராக இருந்த பர்ல் கேயின், இனி இங்கே யாரும் இப்படிப் போகக் கூடாது என்று சொல்லி, கைதிகளே நல்ல பெட்டி செய்ய ஏற்பாடு செய்தார். கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் அந்தத் தச்சுவேலைக்குத் தலைமை தாங்கினார். தங்களோடு அதே கொட்டடியில் இருந்தவர்களுக்கு, நாளை தங்களுக்கும் ஆகலாம் என்று தெரிந்தே, பெட்டி செய்தார்கள். கைதிகளே செய்த குதிரை வண்டியில் அந்தப் பெட்டி போனது.

உலகப் புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரகாமின் மகன் அந்தச் சிறைக்குப் போனபோது அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். தன் தாய் தகப்பனுக்கும் அதே போல இரண்டு செய்து தரச் சொன்னார். ப்ளைவுட் பெட்டி. மூடியின் மேல் ஒரு மரச் சிலுவை. விலை சில நூறு டாலருக்குள். ரூத் கிரகாம் 2007இல் அதில் வைத்துத்தான் அடக்கம் செய்யப்பட்டார். 2018 பிப்ரவரியில் பில்லி கிரகாம் காலமானபோது, வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்டக்கூடத்தில், குடியரசுத் தலைவரும் உறுப்பினர்களும் சுற்றி நிற்க, நடுவில் இருந்தது அந்தப் ப்ளைவுட் பெட்டி. செய்த கைதிகளின் பெயர் மரத்திலேயே சுட்டுப் பொறிக்கப்பட்டிருந்தது. தலைமைத் தச்சர் அதைப் பார்க்க இல்லை. 2007லேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். உலகம் கைவிட்ட ஒரு மனிதனின் கைவேலை அந்தக் கூடத்தின் நடுவில் இருந்தது. அவன் செய்த குற்றத்தை அது துடைத்துவிடாது. ஆனால் அந்த மனிதனால் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்ய முடிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எளிய பெட்டி என்றதும் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரபு தவறாத யூதர்கள் வெறும் மரப்பெட்டியில், இரும்பாணிகூட இல்லாமல், மரக்குச்சி அடித்துச் செய்த பெட்டியில் அடக்கம் செய்வார்கள். பணக்காரனுக்கும் ஏழைக்கும் அதே பெட்டி. நம் ஊர் முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரே சந்தூக்கில் வைத்து எல்லோரையும் தூக்கிப் போய், பெட்டியில்லாமல் மண்ணில் இறக்குகிறார்கள். அந்தச் சந்தூக்கு மறுபடியும் பள்ளிவாசலுக்கு வந்துவிடும். துக்க வீட்டில் காசைக் காட்ட இடமில்லாமல் செய்ததில் இந்த இரண்டு மார்க்கத்தாரும் நம்மைவிட முன்னே நிற்கிறார்கள்.

சீனாவில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே கிராமத்து முதியவர்கள் தங்கள் பெட்டியை உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்துக்கொள்வது நெடுங்கால மரபு. நல்ல மரம் பார்த்து, ஊர்த் தச்சரை அழைத்து, வீட்டிலேயே வைத்து, அவ்வப்போது அரக்குப் பூசி வருவார்கள். பெற்றோருக்குப் பெட்டி செய்து கொடுப்பது பிள்ளையின் கடமை. தனக்குப் பெட்டி தயாராக இருக்கிறது என்பது அந்த முதியவருக்கு ஒரு நிம்மதி. 2018இல் ஜியாங்சி மாகாணத்தில், நிலத்தைச் சேமிக்க எல்லோரும் எரியூட்ட வேண்டும் என்ற திட்டத்தை நிறைவேற்றக் கிளம்பிய அதிகாரிகள், வீடு வீடாகப் போய் இந்தப் பெட்டிகளைப் பறித்தார்கள். சிறு தொகை கொடுத்தார்கள். தர மறுத்துப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்ட கிழவர்களை இழுத்து வெளியே போட்டார்கள். குவித்து வைத்த பெட்டிகளை எந்திரம் கொண்டு நொறுக்கிய படங்கள் வெளிவந்தன. சீனப் பத்திரிகைகளே கண்டித்தன. அதற்கு நாலு வருடம் முன்பு, 2014இல், ஆன்ஹுய் மாகாணத்தின் ஆன்சிங் பகுதியில் புதைப்பதற்கு இப்படியொரு தடை வரும் தேதிக்கு முன்பே சில முதியவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. நிலப் பற்றாக்குறை உண்மையான பிரச்சினைதான். எரியூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு முதியவர் முப்பது வருடம் அரக்குப் பூசிய பெட்டியை அவர் கண்முன் நொறுக்குகிற அரசு, எந்த நல்ல காரணத்துக்காகச் செய்தாலும், அநியாயம்தான் செய்கிறது.

நம் கதைக்கு வருவோம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று இந்த அரங்கில் சிலர் நினைக்கலாம். நம் ஊரில் பாடையை யார் கட்டுகிறார்கள்? பச்சை மூங்கில் இரண்டு வெட்டி வந்து, குறுக்குக் குச்சி வைத்துக் கட்டி, தென்னங்கீற்றுப் பின்னிப் போட்டு, வாசலிலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். கடையில் வாங்கிய பாடை என்று நான் சின்ன வயதில் கேள்விப்பட்டதில்லை. இலங்கைத் தமிழர்களிடம் இந்துக்களும் பெட்டியில் வைத்தே எடுக்கிறார்கள். மலர்ச்சாலை என்று அவர்கள் சொல்லும் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து பெட்டி வரும். இங்கே இப்போது நகரங்களில் குளிர்பெட்டி வாடகைக்கு வருகிறது, வண்டி வருகிறது, எல்லாம் ஒரு போன் அழைப்பில் முடிகிறது.

ஆனால் நம் பழைய வழக்கத்தைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. லூசியானாவில் சாவு வேலையை உரிமத்துக்குள் பூட்டினார்கள். நாம் அதைச் சாதிக்குள் பூட்டினோம். குழி வெட்டவும் பறையடிக்கவும் சிதை அடுக்கவும் இன்ன தெருவில் பிறந்தவன்தான் வர வேண்டும் என்றோம். வந்தவனைத் திண்ணையில் ஏற்றவில்லை. நம் தாயின் கடைசி வேலையைச் செய்து கொடுத்தவன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சமமாகக் கொடுக்காத ஊர்கள் நம்முடையவை. இன்றும் முழுதாக மாறிவிடவில்லை. எங்கள் பட்டறையிலும் இதன் சாயல் உண்டு. கல்யாணக் கட்டிலுக்கு அளவெடுக்க வந்த சிலர், "பெட்டி செய்த அதே மேசையிலா?" என்று முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். மேசையில் என்ன தீட்டு?

அதனால்தான் சொல்கிறேன்: தன் வீட்டுப் பெட்டியைத் தானே செய்வது வெறும் சிக்கனமோ பொழுதுபோக்கோ இல்லை. சாவின் வேலை யாரோ ஒருவரின் தலையில் கட்டப்பட்ட இழிவு என்ற எண்ணம், உங்கள் கையால் ஒரு பலகையை இழைக்கும்போது உடைகிறது. குழி வெட்டுவதும் அப்படித்தான். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நெல்லையிலும் பெட்டியில் அடக்கம் செய்யும் குடும்பங்கள் ஏராளம். நம் நாட்டில் பெட்டி செய்ய யாரும் உரிமம் கேட்பதில்லை. அங்கே துறவிகள் மூன்று வருடம் வழக்காடிப் பெற்றது இங்கே நம் கையில் சும்மா கிடக்கிறது.

எல்லோரும் செய்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் ஒடிந்து கிடக்கிறவரிடம் இழைப்புளியைக் கொடுப்பது கொடுமை. அதனால்தான் நல்ல நாளில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்யச் சொல்கிறேன். அபசகுனம் என்பார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தால் அபசகுனம் இல்லை, உயில் எழுதினால் இல்லை, கல்லறைக்கு முன்பணம் கட்டி இடம் பிடித்தால் இல்லை. பலகையை அறுத்தால் மட்டும் எப்படி வரும்? பேத்தியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அவளுக்குத் தெரியும். தாத்தா ஒரு நாள் போய்விடுவார் என்பதை அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளட்டும்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆளின் உயரத்தோடு இரண்டு மூன்று இஞ்ச் சேர்த்து உள்நீளம் வையுங்கள். அகலம் முடிவு செய்யுமுன் வீட்டு வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள். உள்ளே செய்து வெளியே கொண்டுவர முடியாமல் போகக் கூடாது. கைப்பிடிக்கு நல்ல பருத்திக் கயிறு போதும், பக்கப் பலகையில் துளையிட்டு உள்ளே முடிச்சுப் போடுங்கள். கைப்பிடியோடு சேர்த்து வெளி அகலம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்ளே ஒட்டி வையுங்கள். குழி வெட்டுகிறவருக்கு அதுதான் வேண்டும். எரியூட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக், ரெக்சின் எதுவும் வேண்டாம். மாம்பலகை மலிவு, ஆனால் வருடக்கணக்கில் வீட்டில் வைத்தால் வண்டு துளைக்கும். வேப்பம்பலகை பூச்சிக்கு நின்று பிடிக்கும்.

பக்கத்தில் ஓர் ஆசாரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரு தெருவாக ரெடிமேட் கதவு வந்தபிறகு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் கைகள் நிறைய இருக்கின்றன. அவருக்குக் கூலி கொடுத்து, கூடவே நின்று நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். மரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு இஞ்ச் கனப் பச்சைப் பலகை நிழலில் கிடந்து காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.